ஆர்கெஸ்ட்ராவுக்குள் லேப்டாப்: கேள்வி பதில்

மும்பை ஸ்டூடியோக்களில் பின்னணி இசைக்கு ஆர்கெஸ்ட்ரேஷனும் (எந்த வாத்தியம் எதை வாசிக்கும் என்று எழுதுவது) புரோகிராமிங்கும் (கம்ப்யூட்டரில் ஒலி அமைப்பது) செய்வது என் வேலை. ஆர்கெஸ்ட்ராவோடு எலக்ட்ரானிக் ஒலியைச் சேர்த்து எழுதும் அமெரிக்க இசையமைப்பாளர் மேசன் பேட்ஸ் பற்றி நம் ஊர்த் தமிழர்களிடம் பேசப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

டோம்பிவலி, கல்லூரி மாணவர்: அக்கா, இவர் டிஜேயா, கம்போஸரா? ரெண்டும் எப்படி ஒருத்தரே?

ரெண்டும்தான் தம்பி. ஒன்றை வைத்து இன்னொன்றை ஒப்பேற்றாமல், ரெண்டையும் முறையாகக் கற்றவர். 1977-ல் பிலடெல்பியாவில் பிறந்தார். நியூயார்க்கில் ஜூலியார்டில் இசையும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் படித்தார். ஜான் கொரிலியானோ அவருடைய ஆசிரியர்களில் ஒருவர். பிறகு கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் முனைவர் பட்டம். டிஜே மசானிக் என்ற பெயரில் கிளப்புகளிலும் வாசித்தார்.

அவருடைய படைப்புகளை வரிசையாகக் கேளுங்கள். 2007-ல் வாஷிங்டன் நேஷனல் சிம்பொனிக்கு எழுதிய 'லிக்விட் இன்டர்ஃபேஸ்', பனிப்பாறைகள் உடைந்து கடலில் விழும் ஒலிப்பதிவோடு தொடங்கும். 2009-ல் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனிக்கு எழுதிய 'தி பி-சைட்ஸ்' படைப்பில் 1965-ன் ஜெமினி 4 விண்வெளிப் பயணத்தின் ரேடியோ பேச்சு வரும். சிகாகோவுக்கு எழுதிய 'ஆல்டர்நேட்டிவ் எனர்ஜி'யில் ஃபெர்மிலேப் துகள் முடுக்கியின் சத்தம். மூன்றிலும் எலக்ட்ரானிக் ஒலிதான் கதையைச் சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் படைப்பே நிற்காது.

2010 முதல் 2015 வரை சிகாகோ சிம்பொனியின் உறைவிட இசையமைப்பாளர், அதாவது அந்த ஆர்கெஸ்ட்ராவோடு கூடவே இருந்து எழுதுபவர். அடுத்து வாஷிங்டன் கென்னடி சென்டரில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். ஸ்டீவ் ஜாப்ஸ் வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய ஆபரா 2017-ல் சாண்டா ஃபேயில் அரங்கேறி, அதன் ஒலிப்பதிவு 2019-ல் கிராமி வாங்கியது. 2025 செப்டம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவின் சீசனே அவருடைய படைப்போடுதான் தொடங்கியது.

வீடியோ பார்க்கும்போது அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கவனியுங்கள். தாளவாத்தியக்காரர்களோடு, லேப்டாப்பும் டிரம் பேடும் வைத்துக்கொண்டு, கண்டக்டரின் கையைப் பார்த்தபடி இருப்பார். இன்று நான் சொல்லப்போகும் பாதி விஷயம் அந்த நாற்காலியில் இருக்கிறது.

காட்கோபர்: எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

கையில் இருப்பதையே முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

வாஷி, கீபோர்டு வாசிப்பவர்: கோயில் விழாவில் நாலு வயலின், ஒரு செல்லோவோடு என் டிராக்கைப் போட்டேன். வயலின் எல்லாம் ஸ்ருதி விலகின மாதிரி கேட்டது. வாசித்தவர்கள் நல்ல அனுபவசாலிகள்.

அவர்கள் மேல் தப்பில்லை. உங்கள் சிந்த் (சிந்தசைசர்), எல்லோரும் ஸ்ருதி சேர்க்கும் 'ஏ' ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்திருக்கும். பல ஆர்கெஸ்ட்ராக்கள் 442-க்குச் சேர்ப்பார்கள். வித்தியாசம் ஏறக்குறைய 8 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தனியாகக் கேட்டால் தெரியாது, சேர்த்துக் கேட்டால் காதைக் குத்தும். ஒத்திகைக்கு முன்னால் லீடரிடம் (முதல் வயலின்காரர்) எந்த ஸ்ருதி என்று கேட்டு, சிந்தை அதற்கு மாற்றுங்கள். ஆடியோவாக ஏற்கெனவே எடுத்துவிட்ட டிராக்கை அன்றைக்கு மாற்றுவது பெரும்பாடு. அதனால் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

செம்பூர்: இந்தக் கலவையை முதலில் செய்தது ராஜாவா, ரகுமானா?

இருவரும் இல்லை. இத்தாலிய இசையமைப்பாளர் ரெஸ்பிகி 1924-லேயே 'பைன்ஸ் ஆஃப் ரோம்' படைப்பில் ஆர்கெஸ்ட்ராவோடு கிராமஃபோன் தட்டில் நைட்டிங்கேல் பறவையின் பாட்டை ஓடவிட்டார். நம் பக்கம் வந்தால், இதே மும்பையில் 70-களில் கெர்சி லார்ட் இந்திப் படங்களுக்கு மூக் சிந்தசைசர் வாசித்திருக்கிறார். சரண்ஜித் சிங் 1982-ல் ராகங்களை டிரம் மெஷினோடு சேர்த்து ஒரு முழு ஆல்பமே போட்டார். ராஜா சார் 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் சீக்வென்சரை (பதிந்து வைத்த ஸ்வரங்களைத் தானே வாசிக்கும் கருவி) கொண்டுவந்தார். ரகுமானின் 'ரோஜா' 1992. ஒவ்வொருவரும் வேறு வேறு கதவைத் திறந்தவர்கள்.

மாட்டுங்கா, வயலின் ஆசிரியர்: அம்மா, ஒன்று சொல்கிறேன். கம்ப்யூட்டர் வந்தால் கூடவே கிளிக், அதாவது ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் சத்தம், வரும். காதில் டிக் டிக் என்று அடித்தால் ஆர்கெஸ்ட்ரா மூச்சே விடாது. பட்டனை அமுக்குவதை வாத்தியம் வாசிப்பது என்றும் சொல்லாதீர்கள்.

சார், முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கிளிக்கில் பதிவு செய்யும்போது கடைசி ரெண்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) மட்டும் நான் கிளிக்கை நிறுத்திவிடுவேன். அந்த இடத்தில் எல்லோர் கண்ணும் நோட்டிலிருந்து லீடரின் வில்லுக்குப் போகும். வில் மெதுவாகிற அளவுக்குப் பின்வரிசையும் மெதுவாகும். அந்த முடிவு கிளிக்கில் ஒருநாளும் கிடைக்காது.

ஆனால் எலக்ட்ரானிக் என்றாலே கிளிக் என்பது இல்லை. தாளமே இல்லாத நீண்ட ஒலிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வைத்துக்கொண்டு, கண்டக்டர் கை காட்டும்போது ஒருவர் எழுப்பலாம். பீட் வரும் பகுதியில் மட்டும் எல்லோரும் அந்த பீட்டைப் பிடிக்கட்டும். எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்பதை எழுதுபவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

கல்யாண், டிரம்மர்: வயலின் சார் சொல்வது ஓவர். கிளிக் இல்லாமல் பீட்டோடு நாற்பது பேர் எப்படிச் சேர்ந்து வாசிப்பார்கள்?

உங்கள் கவலையும் நியாயம். சத்தம் விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஸ்பீக்கர் மேடையின் முன்னால், நீங்கள் 12 மீட்டர் பின்னால் என்றால் பீட் உங்களிடம் 35 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். அதைக் கேட்டு நீங்கள் அடித்தது சபைக்குப் போக இன்னொரு 35. 70 மில்லிசெகண்ட் விலகினால் ஒரு அடி ரெண்டு அடியாகக் கேட்கும். அதனால் வாசிப்பவர்கள் பக்கத்திலேயே மானிட்டர் ஸ்பீக்கர் வேண்டும், தாளவாத்தியக்காரர்களுக்கு முதலில்.

மாட்டுங்கா, வயலின் ஆசிரியர்: இவ்வளவு பாடு எதற்கு? பட்டன் விஷயத்துக்குப் பதில் வரவில்லையே.

வருகிறேன் சார். 1954-ல் பாரிஸில் இசையமைப்பாளர் வரேஸின் 'டெசர்ட்ஸ்' அரங்கேறியது. வாத்தியங்கள் வாசித்து நிறுத்த, டேப் ஓடும்; டேப் நிற்க, வாத்தியங்கள் தொடரும். ரெண்டும் ஒன்றோடொன்று சேராது. சபையில் பெரிய ரகளை. அதற்கு ஐந்து வருஷம் முன்னால் பாஸ்டனில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியானின் 'துரங்கலீலா' அரங்கேறியது. அதில் ஓந் மார்த்தெனோ என்ற மின் வாத்தியம் உண்டு. அதை ஒருவர் உட்கார்ந்து வாசிக்கிறார், விரலில் வளையம் மாட்டிக் கமகம் போலவே இழுக்கிறார். அவருக்கும் ஸ்கோரில் (எல்லா வாத்தியங்களின் நோட்டும் சேர்ந்த தாள்) ஒரு வரி உண்டு, மெல்ல, பலமாக என்ற குறிப்பு உண்டு. அதை வாத்தியம் இல்லை என்று உங்களால் சொல்ல முடியாது.

லேப்டாப்பும் அப்படி ஆகலாம். அதற்கு ஸ்கோரில் தனி வரி எழுதுங்கள், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறியுங்கள், ஒத்திகை முதல் நாளிலிருந்து ஒரு ஆளை அங்கே உட்கார வையுங்கள். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் பென்டிரைவில் வரும் டிராக், சார் சொன்ன பட்டன்தான். அதை நானும் வாத்தியம் என்று சொல்ல மாட்டேன்.

சயான்: ராஜாவா, ரகுமானா, ஒரே பெயர் சொல்லுங்கள்.

மேலே சொல்லிவிட்டேன்.

அந்தேரி: கம்ப்யூட்டரிலேயே செய்த என் மாக்-அப் (மாதிரிப் பதிவு) பிரமாதமாக இருக்கிறது. அதையே நோட்டேஷனாக மாற்றிக் கொடுத்தால் போதாதா?

போதாது. சாம்பிளில் (கம்ப்யூட்டரில் பதிந்து வைத்த வாத்திய ஒலி) ஃப்ளூட் மூச்சே விடாமல் 16 பார் ஊதும், மனிதர் ஊத மாட்டார். அடிப்பகுதியையும் பாருங்கள். டபுள் பேஸின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். உங்கள் கிக் (பீட்டின் அடி டிரம்) 50, 60-ல் இடிக்கிறது. டிம்பனி என்ற பெரிய முரசும் கிட்டத்தட்ட அங்கேயே. மூன்றும் ஒரே இடத்தில் மோதினால் தோற்பது எப்போதும் டபுள் பேஸ்தான். கிக் இருக்கும் இடத்தில் டபுள் பேஸுக்கு மேல் ஸ்தாயி கொடுங்கள், அல்லது கிக்கை எடுங்கள். எலக்ட்ரானிக் பகுதி ஸ்கோரில் எழுதியிருந்தால் இந்த மோதல் காகிதத்திலேயே கண்ணில் பட்டிருக்கும்.

தாணே: மிருதங்கத்தை லைவாக எஃபெக்டில் போடுவது எப்படி?

இதை லைவ் சவுண்ட் இன்ஜினியரிடம் கேளுங்கள். என் துறை இல்லை.

பாண்டுப்: எந்த சாஃப்ட்வேர்...

காட்கோபருக்குச் சொன்னதேதான்.

முலுண்ட், ஒரு அப்பா: மகள் ப்ளஸ் டூ. பியானோ வாசிப்பாள், ராத்திரியெல்லாம் பீட் செய்கிறாள். இதில் பிழைக்க முடியுமா?

முடியும் சார், ஆனால் சிம்பொனி எழுதி மட்டும் இந்த ஊரில் பிழைக்க முடியாது. ஸ்டூடியோவில் நோட் எழுத, புரோகிராம் செய்ய, ரெக்கார்டிங்கில் ஸ்கோர் பார்த்துத் தப்பைப் பிடிக்க ஆள் தேவை. பல தயாரிப்புகள் தந்தி வாத்தியங்களை புடாபெஸ்டில் பதிவு செய்கின்றன. அங்கே அனுப்பும் பார்ட்டில் (ஒரு வாத்தியத்துக்கான நோட்டுத் தாள்) ஒரு ஷார்ப் குறி விட்டுப்போனாலும் வாடகை நேரம் வீண், அதனால் சுத்தமாக எழுதுபவருக்கு மதிப்பு உண்டு. நோட்டேஷன் வேகமாக எழுதப் படிக்கப் பழகட்டும். நாரிமன் பாயின்டில் இருக்கும் என்சிபிஏ கலை மையத்துக்குக் கூட்டிப்போங்கள். சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா 2006-லிருந்து அங்கேதான் இருக்கிறது. ஸ்பீக்கர் இல்லாமல் ஓபோ என்ற ஒரு ஊதல் வாத்தியம் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று அவள் நேரில் கேட்க வேண்டும். ராத்திரி பீட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மாட்டுங்கா, வயலின் ஆசிரியர்: அந்தப் பெண்ணுக்கு வயலின் பார்ட் எழுதிப் பழக வேண்டுமென்றால் என் மாணவர்கள் வாசித்துக் காட்டுவார்கள். கிளிக் கிடையாது.

முலுண்ட் சார், இன்றைக்கே சரி சொல்லிவிடுங்கள். மகளிடம் பார்ட்டில் வில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற குறியை (bowing) எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.