வாசகர் கேள்வி – பதில்: பந்து ஏன் தீப்பிடிக்கிறது?

ஸ்டீஃபன் சௌ இயக்கி நடித்து 2001-ல் வந்த ஹாங்காங் படம் ‘ஷாவ்லின் சாக்கர்’. குங்ஃபூ கற்ற ஆறு சகோதரர்கள் பிழைப்புக்குத் திண்டாடி, கடைசியில் கால்பந்து அணியாகச் சேர்கிற கதை. அதைப் பற்றி வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கே: உதைத்த பந்து தீப்பிடித்துப் பறக்கிறது. “லாஜிக்கே இல்லை” என்று நண்பர்கள் பாதியில் எழுந்துவிட்டார்கள். இதை எப்படித்தான் ரசிப்பது? (வாசகர், குடியாத்தம்)

லாஜிக் உண்டு. அது பந்தில் இல்லை, ஆட்களிடம் இருக்கிறது. பந்து என்ன வேண்டுமானாலும் செய்யும். ஆனால் ஒவ்வொரு சகோதரனுக்கும் ஒரே ஒரு வித்தைதான். ஒருவனுக்கு இரும்புத் தலை, ஒருவனுக்கு இரும்பு உடம்பு, கோல்கீப்பருக்கு எந்தப் பந்தையும் பிடிக்கும் வெறுங்கை. கடைசி வரை யாரும் அடுத்தவன் வித்தையைக் கடன் வாங்குவதில்லை. எல்லாராலும் எல்லாம் முடிந்திருந்தால் கால் மணி நேரத்தில் சலித்துப் போயிருக்கும்.

இன்னொன்று, யாரும் சிரிப்புக் காட்டுவதற்காக நடிக்கவில்லை. இரவு விடுதியில் முதலாளி தலையில் பாட்டிலை உடைக்கும்போது மூத்தவன் முகத்தில் தெரிவது நிஜமான அவமானம். பாரதக் கூத்து பார்த்த வடஆற்காட்டுக்காரர்களுக்கு இது பழகிய விஷயம்தான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பக்கத்திலேயே நின்று கேலி பேசுவான். துரியோதன வேடம் கட்டியவரின் கோபம் இம்மியும் இறங்காது. இறங்கினால் கேலியும் எடுபடாது.

அடுத்த முறை பார்க்கும்போது, ரொட்டிக் கடைப் பெண் மூய் மாவு பிசைகிற இடத்தில் அவள் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். அது தாய்ச்சி என்கிற சீனத் தற்காப்புக் கலை. மாவை அவள் முட்டித் தள்ளுவதில்லை. வாங்கி, வட்டமாகச் சுற்றித் திருப்பி விடுகிறாள். இதே வித்தை இறுதி ஆட்டத்தில் பந்தோடு மறுபடி வரும். வேடிக்கைக்கு வைத்த காட்சி என்று நினைத்து அங்கே போனை எடுத்தவர்களுக்குத்தான் இறுதி ஆட்டம் காதில் பூ சுற்றுவதாகத் தெரியும்.

சண்டை அமைப்பு சிங் சியூ-துங். பறக்கும் காட்சிகளில் கம்பியில் தொங்கும் நடிகருக்கு இடுப்பு முதலில் நகரும், கால் சற்றுப் பின்தங்கி வரும்; உற்றுப் பார்த்தால் பிடிபடும். பெரிய உதைகளில் பறக்கும் பந்து கம்ப்யூட்டரில் வரைந்தது. இல்லாத பந்தை எல்லார் கண்ணும் ஒரே வேகத்தில் தொடர வேண்டும். ஒருவர் பார்வை பிசகினாலும் ஷாட் போச்சு.

கே: ஒரு இடத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது, இன்னொரு இடத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எதைப் பார்ப்பது? (கல்லூரி மாணவர், காட்பாடி)

நீளமானதை. அமெரிக்க வெளியீட்டுக்காக வெட்டியது 90 நிமிடத்துக்கும் குறைவு. ஹாங்காங்கின் முழு வடிவம் 110 நிமிடத்துக்கு மேல். இந்த மாதிரிப் படத்தில் சிரிப்பு வெடிக்கும் முன் ஒரு நொடி மௌனம் வேண்டும், அதை வெட்டினால் சிரிப்பும் போய்விடும். ஒலியை ஹாங்காங்கின் மொழியான கான்டனீஸில் வைத்து, சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். பயிற்சியாளராக வரும் இங் மான்-டாட்டின் குரல் ஏற்ற இறக்கத்துக்கே அந்தச் சிரமம் தகும்.

கே: படத்தில் வருவதுபோல், ஆள் குறைந்தால் ஆட்டத்தை நிறுத்துவது நிஜ விதியா? (வாசகர், ராணிப்பேட்டை)

நிஜம். கால்பந்து விதி 3-ன்படி ஒரு அணியில் 7 பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்கவும் கூடாது, தொடரவும் கூடாது. இத்தனை அதிரடிக்கு நடுவில் ஆள் கணக்கைப் படம் மறக்காததால்தான் கடைசியில் பதற்றம் நிற்கிறது.

கே: படத்தில் வரும் ஆவி ரொட்டியை வீட்டில் செய்து பார்த்தேன். சுருங்கிப் போய்விட்டது. (வாசகி, சத்துவாச்சாரி)

அதன் பெயர் மான்டோ. எட்டு ரொட்டிக்கு மைதா 300 கிராம், தண்ணீர் 150 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், சர்க்கரை 25 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். மாவு வழவழப்பாகும் வரை பத்து நிமிடம் பிசைய வேண்டும். திட்டுத்திட்டாக விட்டால் மேல்தோல் அம்மைத் தழும்பு போலாகும்.

சுருங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, நம் ஊர் வெயில். குளிர்நாட்டுச் செய்முறையில் ஒரு மணி நேரம் புளிக்க விடச் சொல்வார்கள்; வேலூர் மே மாதத்தில் அவ்வளவு நேரம் விட்டால் மாவு பொங்கி, வலுவிழந்து, ஆவியில் ஏறிய வேகத்தில் அமுங்கிவிடும். குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து, உடனே உருட்டி, 25 முதல் 30 நிமிடம் மட்டும் மூடி வையுங்கள். விரலால் லேசாக அழுத்தினால் பள்ளம் மெதுவாக மேலே வர வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் நேரம் கடந்துவிட்டது.

இரண்டாவது, மூடியை அவசரமாகத் திறப்பது. இட்லிக் குண்டானில் குழித்தட்டுக்குப் பதில் தட்டைத் தட்டு வைத்து, ஒவ்வொரு ரொட்டிக்கும் அடியில் வாழை இலைத் துண்டு போடுங்கள். ஆவி வந்தபின் மிதமான தீயில் 12 நிமிடம். அடுப்பை அணைத்தபின் நான்கு நிமிடம் கை வைக்காதீர்கள். சட்டென்று குளிர்காற்று பட்டால் உள்ளே இருக்கும் ஆவி சுருங்கி ரொட்டியையும் இழுத்துக்கொள்ளும். மூடிக்குத் துணி கட்டுவது அவசியம். சொட்டும் தண்ணீர் விழுந்த இடம் கன்றிப் போய்ப் பிசுபிசுக்கும்.

தொட்டுக்கொள்ள, ஆம்பூர் பிரியாணிக்குக் கொடுக்கிற கத்திரிக்காய்த் தொக்கு அருமையாகச் சேரும்.

கே: பிய்ந்த கேன்வாஸ் ஷூவை மூய் தைத்துக் கொடுக்கிறாள். தைத்தால் தாங்குமா? (வாசகர், ஆம்பூர்)

துணி கிழிந்திருந்தால் தாங்கும். உள்பக்கம் ஒரு ஒட்டுத்துணி வைத்து, மெழுகு தேய்த்த தடித்த நூலால் தையுங்கள். மெல்லிய நைலான் நூல் துணியையே அறுக்கும். சோல் விட்டிருந்தால் ஊசிக்கு வேலையில்லை. பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாளில் தேய்த்து, இரண்டு பக்கமும் ஷூ ஒட்டும் சொலூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். கையில் ஒட்டாத பதம் வர 10, 15 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகுதான் அழுத்த வேண்டும்; ஈரமாக ஒட்டினால் மறுநாளே வாய் பிளக்கும்.

கே: கோடை விடுமுறையில் மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறோம். (வாசகர், வேலப்பாடி)

மே மாதம் பொழுது சாய ஆறரை ஆகும். 7:15-க்கு முன் தொடங்காதீர்கள், படம் வெளிறித் தெரியும். தரை சூடு தணிய ஐந்தரைக்கே தண்ணீர் தெளித்துவிடுங்கள். சாதாரண புரொஜெக்டரில் 7 அடி அகலப் படத்துக்குச் சுமார் பத்தரை அடி தூரம் வேண்டும். அதன் காற்றுத் துளைகள் சுவரை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சூடேறினால் பாதியில் அணைந்துவிடும். வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டி, கீழ் விளிம்பில் ஒரு மூங்கில் கழியைக் கோத்துவிட்டால் காற்றில் உப்பாது. அந்தக் கழி தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைத்துவிடும்.