பிளஸ் டூ முடித்ததும் ஜாஸ் கிதார் படிக்க அமெரிக்கா போகலாமா?

பிளஸ் டூ முடித்திருக்கிறீர்கள். கிதாரில் லண்டன் டிரினிட்டி நடத்தும் தேர்வுகளில் கடைசியான எட்டாம் கிரேடு தேறியாயிற்று. அமெரிக்காவில் ஜாஸ் பெர்ஃபார்மன்ஸ் படிக்க ஆசை, வீட்டிலோ இன்ஜினியரிங் சேரச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாஸ்டனில் ஜாஸ் கிதார் படித்தவன். இப்போது சென்னையில் வாசிக்கிறேன், சொல்லிக்கொடுக்கிறேன்.

போகலாம். ஆனால் பட்டத்துக்காகப் போகாதீர்கள், பட்டத்தைப் பார்த்து யாரும் கச்சேரிக்குக் கூப்பிடுவதில்லை. தினமும் நல்ல டிரம்மரோடும் நல்ல பேஸ் கலைஞரோடும் உட்கார்ந்து வாசிக்க வேறு வழியே இல்லை என்றால் போங்கள். அதுவும் கடன் கழுத்தை நெரிக்காத அளவில் இருந்தால்.

பெரிய ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் எந்தக் காலேஜில் ஜாஸ் படித்தார் என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். படிக்கவில்லைதான். ஆனால் 1940களின் தொடக்கத்தில் நியூயார்க் ஹார்லெமில், மிண்டன்ஸ் போன்ற கிளப்புகளில் இரவெல்லாம் ஜாம், அதாவது கலைஞர்கள் ஒத்திகை இல்லாமல் கூடி வாசிப்பது, நடந்தது. அவர் கற்றது அப்படித்தான். அப்புறம் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் குழு. அவர் 1990ல் இறக்கும்வரை இளைஞர்களை எடுத்து, மேடையிலேயே வைத்துத் தேற்றி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். வேன் ஷார்ட்டர், லீ மார்கன் எல்லாம் அங்கே வளர்ந்தவர்கள். டிரம்பெட் கலைஞர் விண்டன் மார்சாலிஸ் நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது 1980ல் அந்தக் குழுவில் சேர்ந்தவர், படிப்பை முடிக்கத் திரும்பவில்லை. அந்தக் குருகுலங்கள் இன்று அநேகமாக இல்லை. அந்த இடத்தைத்தான் கல்லூரிகள் பிடித்திருக்கின்றன.

அங்கே என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்ற கார்டு வரிசை ஜாஸில் எங்கும் வரும். தனியாகப் பழகியவர் ஆறு கம்பியையும் அடித்து முழு கார்டாக வாசிப்பார். குழு வகுப்பில் அப்படி வாசித்தால் ஆசிரியர் நிறுத்திவிடுவார். அடிச்சுரம் பேஸிடம் இருக்கிறது, பியானோவும் இருக்கிறது, நீ எதற்கு அதையே சொல்கிறாய் என்பார். ஒவ்வொரு கார்டிலும் மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும் போதும். முதல் கார்டில் எஃப், சி. அடுத்ததற்குப் போகும்போது சி மட்டும் அரைச்சுரம் இறங்கி பி ஆகும். அதற்கடுத்து எஃப் இறங்கி ஈ ஆகும். இரண்டே விரல், ஒவ்வொரு முறையும் ஒன்றுதான் நகர்கிறது. இதைப் புத்தகத்தில் ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். ஆனால் அந்த இரண்டு சுரத்தை டிரம்மர் தாளம் பிடிக்கும் ரைடு சிம்பல் எங்கே விழுகிறதோ அதை ஒட்டி வைப்பதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். வாரத்தில் நாலைந்து நாள் வேண்டும். மெட்ரோனோமும் யூடியூப் பேக்கிங் டிராக்கும் நீங்கள் தப்பாக வாசித்தால் திரும்பிப் பார்க்காது.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். 1959ல் வந்த 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தின் முதல் டிராக் 'ஸோ வாட்'. அதில் டிரம்பெட் வாசிக்கும் மைல்ஸ் டேவிஸின் சோலோவை நோட்டேஷன் பார்க்காமல் காதால் மட்டும் எடுங்கள். இரண்டு சுற்று, 64 பார் (பார் என்றால் நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளக் கட்டம்). ஒவ்வொரு சுற்றிலும் பதினாறு பார் டி டோரியன் என்ற சுரவரிசை, எட்டு பார் அரைச்சுரம் மேலே, மறுபடி எட்டு பார் டி. சுரங்கள் குறைவு, வேகமும் இல்லை. முதலில் வாயால் பாடுங்கள், பிறகு கிதாருக்கு வாருங்கள். சோலோ தொடங்கும் இடத்தில் டிரம்மர் ஜிம்மி காப் ஒரு சிம்பலை ஓங்கி அடித்து அப்படியே அதிர விடுவார். அந்த ஒலி அடங்குவதற்குள் மைல்ஸ் எவ்வளவு நிதானமாக உள்ளே வருகிறார் என்று கேளுங்கள். ஒரு மாதம் இதோடு கிடந்தும் இன்னும் வேண்டும் போலிருந்தால் உங்களுக்கு இந்தப் படிப்பு ஒத்துவரும். பத்து நாளில் சலித்துவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்குப் பிடித்தது கிதார், ஜாஸ் அல்ல. அதற்கு வேறு நல்ல வழிகள் உண்டு.

பாஸ்டனில் இருக்கும் பெர்க்லி இசைக் கல்லூரியின் ஆடிஷனில் தயார் செய்த பாட்டோடு இம்ப்ரொவைசேஷன் (அங்கேயே கற்பனையில் வாசிப்பது), சைட் ரீடிங் (முன்பின் பார்க்காத நோட்டேஷனைப் பார்த்ததும் வாசிப்பது), கேட்டதைத் திருப்பி வாசிப்பது எல்லாம் பார்ப்பார்கள். கிரேடு தேர்வுக்கு மட்டும் பழகியவர்கள் தடுமாறுவது கடைசி இரண்டில்தான். ஆறு மாதமாவது ஒதுக்குங்கள்.

சரி, பணம். இந்தப் பேச்சை ஆசையை வைத்து மழுப்ப முடியாது. பெர்க்லியில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலரை ஒட்டி வரும், பாஸ்டன் வாடகை தனி. மாணவர் விசாவில் இருக்கும்போது அனுமதி இல்லாமல் வெளியே காசு வாங்கி வாசிக்கக் கூடாது. படிப்பு முடிந்தபின் துறை சார்ந்த வேலை பார்க்க 12 மாதம் கிடைக்கும். இன்ஜினியரிங் படித்தவருக்கு இன்னும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு, பெர்ஃபார்மன்ஸ் படித்தவருக்கு அது கிடையாது. ஆகவே அங்கேயே சம்பாதித்து அடைத்துவிடலாம் என்ற கணக்கில் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க விடாதீர்கள். கணிசமான ஸ்காலர்ஷிப் கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் இந்த வருடம் போகாதீர்கள். அப்பா அம்மாவிடம் இந்தக் கணக்கை நீங்களே முதலில் போட்டுக் காட்டினால் பேச்சே வேறு மாதிரி போகும்.

அமெரிக்காதான் வேண்டும் என்றும் இல்லை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசு இசைப் பல்கலைக்கழகங்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. கொலோனிலும் பெர்லினிலும் நல்ல ஜாஸ் துறைகள் உள்ளன. இடம் மிகக் குறைவு, ஜெர்மன் மொழியும் படிக்க வேண்டும். இரண்டு வருடம் தயாராவதற்குத் தகுதியான இலக்கு அது.

இன்ஜினியரிங் சேர்ந்தால் ஜாஸ் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயர் அமெரிக்கத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தவர், பியானோ பெரும்பாலும் தானே கற்றது. கலிஃபோர்னியாவில் ஆராய்ச்சி செய்த காலத்தில் அங்கிருந்த கலைஞர்களோடு வாசித்து வாசித்து வளர்ந்தார். 2014 முதல் ஹார்வர்டில் இசைப் பேராசிரியர். அவருக்கும் வாசிக்க ஆட்கள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்ஜினியரிங்கைத் தேர்ந்தெடுத்தால், சென்னை, பெங்களூர் மாதிரி சேர்ந்து வாசிக்க ஆள் கிடைக்கும் ஊரில் கல்லூரி தேடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் கல்லூரிப் பெயரை விட்டுவிட்டு, யாரிடம் கற்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். அந்த ஆசிரியரின் மாணவர்கள் கடைசி வருடத்தில் வாசித்த ரிசைட்டல் (தனிக் கச்சேரி) வீடியோக்களைத் தேடிக் கேளுங்கள். பிடித்திருந்தால் அவருக்கு நேரடியாக மெயில் எழுதி, கட்டணம் கொடுத்து ஒரு மணி நேர ஆன்லைன் வகுப்பு கேளுங்கள். நிறையப் பேர் ஒத்துக்கொள்வார்கள். அந்த மைல்ஸ் சோலோவையே அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.