ஸ்கேன் நார்மல், தலைவலி போகவில்லை

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி: "கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை முடிந்து 14 மாதம். பத்து நாளாகத் தலைவலி, சாயங்காலம் லேசாக உடம்பு சுடுகிறது. சிடி ஸ்கேன் நார்மல். முதுகில் நீர் எடுக்கணுமாம். கால் விளங்காமல் போகும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எடுக்கலாமா?"

எடுத்தே ஆகணும் அம்மா, இன்றைக்கே. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற நீர்தான் அது. ஊசி போகிற இடம் இடுப்பு. தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடும். கால் விழாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமலிருக்கக் கொடுக்கிற டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், ஸ்டீராய்டு மூன்றும் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைத்திருப்பதால், மூளைக்காய்ச்சல் வந்தாலும் கடும் காய்ச்சலோ கழுத்து விறைப்போ தெரியாமல் போகலாம். புறா எச்சத்திலும் மண்ணிலும் இருக்கிற கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூச்சு வழியே நுழைந்து, வாரக்கணக்கில் வெறும் தலைவலியாகவே இருக்கும். காசநோயும் அப்படித்தான். இரண்டிலும் சிடி சுத்தமாக வரலாம்.

நீர் எடுக்கும்போதே அதன் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். வடித்த பிறகு அளந்து பயனில்லை. கிரிப்டோகாக்கஸ் இருந்து அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவுக்கு மேல் போனால், அடிக்கடி நீர் வடித்துக் குறைக்க வேண்டும். விட்டால் பார்வையே போகும். பல இடங்களில் இந்த அளவை எடுப்பதே இல்லை, கேட்டால் கோபம் வேறு. கேளுங்கள். நீரில் பூஞ்சைக்குக் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென், இந்தியா இங்க், கல்ச்சர், காசநோய்க்கு ஜீன் எக்ஸ்பர்ட் என்ற சோதனைகள் எல்லாம் பார்க்கணும்.

மெடிக்கல் ஷாப்பில் தலைவலிக்கு மாத்திரை கேட்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாற்றிவைத்த சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.

தொற்று இல்லாத ஒரு காரணமும் உண்டு. டாக்ரோலிமஸே தலைவலி தரும். பிரஷர் ஏறி, பார்வை மங்கி, வலிப்பும் வந்தால் மருந்தே மூளையை வீங்கவைத்திருக்கலாம், எம்ஆர்ஐயில் தெரியும். அதனால் பிரஷரையும் டாக்ரோலிமஸ் அளவையும் உடனே பாருங்கள். ஆனால் "மருந்துதான் காரணம்" என்று யாராவது சொன்னதை நம்பி நீர் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கணவருக்குக் காய்ச்சலும் இருக்கிறது.

தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், அவசரப் பிரிவில் முதல் வார்த்தையே "கிட்னி மாற்றினவர்" என்றிருக்கட்டும். சீட்டில் "தலைவலி" என்று மட்டும் எழுதி வரிசையில் உட்காரவைக்கிற வழக்கம் என்றைக்குத்தான் ஒழியுமோ! "பெங்களூரில் தெரிந்த ஆஸ்பத்திரி இருக்கு" என்று வாசலில் ஒட்டிக்கொள்பவர் கமிஷனுக்கு வருகிறவர். மாற்று அறுவை செய்த இடத்துக்கு முதலில் போன் போடுங்கள்; வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் அங்கேதான்.

பூஞ்சை என்றால் அதைக் கொல்ல லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின் ஊசி, பிறகு மாதக்கணக்கில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து. எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஃப்ளூகோனசோல் தொடங்கினால் டாக்ரோலிமஸ் அளவு ஏறும். டோஸைக் குறைத்து, ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே இருப்பார்கள். காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுங்கள். போட்டுவிட்டுப் போனால் அன்றைய பரிசோதனை வீண்.