பழைய ஃபோர் வீல் பிக்கப்: எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். மழையில் மண் பாதை ஏறுவதற்காக 2012 மாடல் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்றை விலை பேசியிருக்கிறேன். ஓட்டிப் பார்த்தபோது கிளட்சை விட்டதும் அடியில் ‘டங்’ என்று ஒரு அடி. 50, 60 வேகத்தில் பின்னாலிருந்து மெல்லிய ஊளை. ஃபோர் வீலில் போட்டுத் தார்ச்சாலையில் திருப்பினால் ஸ்டியரிங் இறுகி, வண்டி விட்டுவிட்டுக் குதிக்கிறது. மறுபடி டூ வீலுக்கு லிவர் வரமாட்டேன் என்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) போச்சு, வேண்டாம் என்கிறார் கூட வந்த மெக்கானிக். விட்டுவிடலாமா?

பதில்: டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிறகு பார்ப்போம். போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனீர்களே ஒரு ஊளை, பணத்தைத் தின்னக்கூடியது அதுதான்.

தார்ச்சாலையில் இறுகியது பெரும்பாலும் பழுதே இல்லை. இந்த மாதிரிப் பிக்கப்புகளில் முன் அச்சையும் பின் அச்சையும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தாரில் அதற்கு வழியில்லை. பிழிந்த ஈரத்துணி மாதிரி ஷாஃப்டெல்லாம் முறுக்கேறி நிற்கும். லிவர் சிக்குவதும் அதனால்தான். ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில அடி ரிவர்ஸ் எடுங்கள், கழன்று வந்துவிடும். நேராக ஓட்டும்போதும் இறுகினால் நாலு டயரையும் பாருங்கள். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்றிருந்தால் அதுவே காரணம்.

‘டங்’ சத்தத்துக்கு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை அணைத்துவிட்டு அடியில் போய்ப் பாருங்கள். அச்சுக்கு விசை கொண்டுபோகும் நீளத் தண்டான ஜாயின்ட் ஷாஃப்டைக் கையால் இரண்டு பக்கமும் திருகுங்கள். அதன் முனையிலுள்ள கூட்டல் குறி வடிவ இணைப்பான கிராஸ் ஆடுகிறதா, அதன் கப்பைச் சுற்றிச் சிவப்பாகத் துருப்பொடி படிந்திருக்கிறதா? கிரீஸ் காய்ந்து உள்ளே ஊசி பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். கிராஸ் மாற்றுவது பெரிய செலவில்லை. கிராஸ் ஆடாமல், ஷாஃப்ட் மட்டும் கிரவுன் (அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) பக்கம் தாராளமாக ஆடினால் கதை வேறு, கோளாறு அந்தப் பெட்டிக்குள்.

இப்போது ஊளை. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் கூடி, விட்டால் குறைந்தோ தொனி மாறியோ கேட்டால் கிரவுன் பினியன், அதாவது அந்தப் பெட்டியின் பல்சக்கர ஜோடி. கியர் மாற்றினாலும் அதே வேகத்தில் அதே ஊளை என்றால் சந்தேகமே வேண்டாம். ஆக்ஸிலேட்டரைக் கண்டுகொள்ளாமல் வேகத்தோடு மட்டும் ஏறினால் வீல் பேரிங். வலது பக்கம் வளைக்கும்போது கூடினால் இடது சக்கரத்தை முதலில் பார்க்க வேண்டும், எடை அங்கேதான் விழுகிறது. சாலை மாறும்போது சத்தமும் மாறினால் வெறும் டயர். ஊளையை அமுக்க 90 ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 140 ஊற்றி விற்பவர்களும் உண்டு. அதனால் அரை மணி நேரமாவது ஓட்டி, ஆயில் சூடேறி இளகிய பிறகு காது கொடுங்கள்.

அப்புறம் கிரவுன் ஹவுசிங்கின் ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றி விரலை விடுங்கள். பால் காப்பி நிறம் என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் முங்கும்போது, மேலே உள்ள பிரீதர் (காற்றுப் போக்கும் துளை) மண்ணடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். மலை வண்டிகளில் இதை அவசியம் பார்க்க வேண்டும். வடிக்கும் பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. செதில் செதிலாக இரும்பு வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபோர் வீல் நிஜமாகவே பிடிக்கிறதா என்பது பாக்கி. மீட்டரில் விளக்கு எரிவதை நம்பாதீர்கள். முன் ஹப் (சக்கரத்தை அச்சோடு பூட்டும் நடுப்பகுதி) பூட்டாமலேயே அது எரியலாம். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஃபோர் ஹையில் (ஃபோர் வீலின் சாதாரண வேக நிலை) போட்டு, எஞ்சினை அணைத்து, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். லேசான ஆட்டத்துக்கு மேல் சுற்றவே கூடாது. சுற்றினால் ஹப்போ, அச்சை இணைக்கும் அமைப்போ பிடிக்கவில்லை. அந்த அமைப்பு வேக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்குவதாக இருந்தால் வெடித்த ரப்பர் குழாயைத் தேடுங்கள். பல நேரம் அதோடு முடிந்துவிடும்.

கேள்வி: அதே வண்டிதான். வெள்ளை போர்டு, 2012 பதிவு. காகிதத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு. 2027-ல் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும், அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணையில்லாச் சான்று) கடன் முடிந்ததைச் சொல்லும் படிவம் 35-உம் கைக்கு வரும்வரை முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.