கடன் பத்தின கவலை யாருக்கு, எப்போ வருது?

கேள்வி: அமெரிக்காவுல ரிபப்ளிகன் கட்சிக்காரங்க நாட்டோட கடன் ஏறுதுன்னு சத்தம் போடுறாங்க, அரசாங்கப் பணம் வந்தா தன் தொகுதிக்கும் கேக்குறாங்க. அவங்க உண்மையில யார் பக்கம்? (வாசகி, கரூர்)

பதில்: கட்சி, கொள்கை, தொகுதின்னு மூணும் இழுக்குது மேடம், பெரும்பாலும் கட்சிதான் ஜெயிக்குது. 2009 பிப்ரவரியைப் பாருங்க, மாசாமாசம் லட்சக்கணக்குல வேலை போய்ட்டிருந்த நேரம், டெமாக்ரட் கட்சி ஒபாமா ஜனாதிபதி பதவிக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகல, 78,700 கோடி டாலருக்கு பொருளாதார ஊக்கத் திட்டம் கொண்டு வர்றார், கீழ்சபையான பிரதிநிதிகள் சபைல ஒரே ஒரு ரிபப்ளிகன்கூட ஆதரிச்சு ஓட்டுப் போடல. கேட்டா கடன் ஏறும்னாங்க. ஆனா 2008 அக்டோபர்ல அவங்க கட்சி ஜனாதிபதி புஷ் பேங்குகளைக் காப்பாத்த 70,000 கோடி டாலர் கேட்டப்போ அதே சபைல 91 ரிபப்ளிகன்கள் சரின்னாங்க, அதுவும் கடன் வாங்கின பணம்தானே!

மேல்சபையான செனட்ல மூணே ரிபப்ளிகன்கள் கட்சியை மீறி ஊக்கத் திட்டத்தை ஆதரிச்சாங்க, சூசன் காலின்ஸ், ஒலிம்பியா ஸ்னோ, ஆர்லன் ஸ்பெக்டர். தேவைப்பட்டது 60 ஓட்டு, கிடைச்சதும் சரியா 60, அதனால இவங்க இல்லாம திட்டமே இல்ல. ஸ்பெக்டருக்கு சொந்தக் கட்சில அடுத்த சீட்டு கிடைக்காதுன்னு ஆகி டெமாக்ரட் பக்கம் போனார், 2010ல கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குற பிரைமரி தேர்தல்ல அங்கயும் தோத்தார். புளோரிடா கவர்னர் சார்லி கிறிஸ்ட் மேடைல ஒபாமாவைக் கட்டிப்பிடிச்சு திட்டத்தை ஆதரிச்சார், அந்தப் படத்தையே வச்சு சொந்தக் கட்சிக்காரங்க அவரை அடிச்சாங்க, கடைசில கட்சியை விட்டு செனட் தேர்தல்ல சுயேச்சையா நின்னு ரிபப்ளிகன் வேட்பாளர் மார்கோ ரூபியோகிட்ட தோத்தார். மீறினா என்ன ஆகும்னு மத்தவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு.

எனக்குக் கோபம் வர்றது பிரதிநிதிகள் சபைல இருந்த ரிபப்ளிகன் பால் ரயன் விஷயத்துலதான். திட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டுட்டு, அதே திட்டத்துல இருந்து தன்னோட விஸ்கான்சின் மாநில நிறுவனங்களுக்குப் பணம் கொடுங்கன்னு எரிசக்தித் துறைக்கு லெட்டர் எழுதினார், 2012ல துணை ஜனாதிபதி வேட்பாளரா நின்னப்போ முதல்ல இல்லைன்னார், அப்புறம் ஒத்துக்கிட்டார். தொகுதிக்காரனுக்கு வேலை வேணும்னு கேக்குறது தப்பே இல்ல, ஆனா அந்த வேலைக்கான ஓட்டை வேற யாரோ போடட்டும்னு விடுறது ரொம்பத் தப்பு.

டெமாக்ரட்டுகளும் சுத்தம் இல்ல. 2006ல புஷ் காலத்துல கடன் உச்சவரம்பை, அதாவது அரசாங்கம் எவ்வளவு கடன் வாங்கலாம்ங்கிற எல்லையை, ஏத்தக்கூடாதுன்னு ஓட்டுப் போட்ட செனட்டர்கள்ல ஒபாமாவும் ஒருத்தர், ஜனாதிபதியான பிறகு 2011ல அதே உச்சவரம்பை ஏத்தச் சொல்லி அவரே கேக்க வேண்டி வந்துச்சு.

கேள்வி: அப்போ கடைசிவரை ஒரே பேச்சு பேசின ஆளே இல்லையா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இருக்காங்க சார். 2020 மார்ச்ல டிரம்ப் ஆட்சில 2.2 லட்சம் கோடி டாலர் கொரோனா நிவாரணம் செனட்ல 96-0ன்னு பாஸ் ஆச்சு, 2009ல கடன்னு சொன்னவங்க பல பேரு அதுல இருக்காங்க. கீழ்சபைல தாமஸ் மாஸின்னு ஒரு கென்டக்கி ரிபப்ளிகன் அதை எதிர்த்தார், அவர் மட்டும் ஒவ்வொருத்தர் ஓட்டையும் பதிவு பண்ணணும்னு நின்னார், கட்சியை விட்டே தூக்குங்கன்னு டிரம்ப் சொன்னார். அந்த நேரத்துல நிவாரணம் தேவைன்னுதான் நான் நினைக்கிறேன், ஆனாலும் அவரை மதிக்கிறேன்.

சவுத் கரோலினா கவர்னர் மார்க் சான்ஃபோர்டும் அப்படித்தான், 2009 ஊக்கத் திட்டத்துல வர வேண்டிய 70 கோடி டாலரை மாநிலக் கடனை அடைக்க விட்டாத்தான் வாங்குவேன்னு அடம் பிடிச்சார். அதுல பெரும்பகுதி ஸ்கூலுக்கான பணம், வாத்தியார்கள் வேலையே அதை நம்பி இருந்துச்சு, அதனால மாணவர்களே கோர்ட்டுக்குப் போனாங்க, வாங்கித்தான் ஆகணும்னு ஜூன்ல மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. அந்த விஷயத்துல நான் மாணவர்கள் பக்கம்தான்.