சிறப்புப் பள்ளியா, சாதாரணப் பள்ளியா?

பையனுக்கு ஆறு வயது, ஆட்டிசம், நாலைந்து சொல்தான் பேசுகிறான், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான், எந்தப் பள்ளி என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்ப்பலகையை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு வகையிலும் நல்ல பள்ளி உண்டு, பிள்ளையை மூலையில் உட்காரவைத்து விடும் பள்ளியும் உண்டு.

மதிய இடைவேளைக்குக் கால் மணி நேரம் முன்னால் போய்ப் பாருங்கள். வகுப்பு நடக்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். மணி அடித்து எல்லாரும் ஓடும் அந்த ஐந்து நிமிடத்தில், காதைப் பொத்தும் பிள்ளையைக் கவனிக்க ஆள் இருக்கிறாரா? சத்தம் தாங்காத பிள்ளை ஒதுங்கி இருக்கும் அமைதி அறை திறந்திருக்கிறதா, இல்லை சாமான் போட்டுப் பூட்டியிருக்கிறதா?

தனிக் கல்வித் திட்டம், அதாவது அந்தப் பிள்ளைக்கென்றே எழுதும் இலக்குகள், போடுவோம் என்பார்கள். வேறொரு பிள்ளைக்குப் போட்ட திட்டத்தைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘மொழித்திறன் வளரும்’ என்று மட்டும் இருந்தால் அது திட்டமே இல்லை. ‘மூன்று மாதத்தில், பத்துக்கு எட்டு முறை தானாகப் பட அட்டையைக் கொடுத்துத் தண்ணீர் கேட்பான்’ என்று அளக்கும்படி இருக்க வேண்டும். அந்த அட்டை ஆயாவுக்கும் புரிய வேண்டும். தாகம் விளையாட்டுத் திடலிலும் எடுக்கும்.

வகுப்பில் பையனுக்குப் பக்கத்தில் இருந்து உதவும் துணை ஆசிரியர் விடுப்பெடுத்தால் என்ன ஏற்பாடு? ‘அன்று வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்றால் அந்தப் பள்ளி வேண்டாம். அவர் நாள் முழுக்க ஒட்டியே உட்கார்ந்தாலும் சிக்கல்தான், மற்ற பிள்ளைகள் அவனை நெருங்கவே மாட்டார்கள்.

எதற்குப் பயப்படுவான், அழுகைக்கு முன் என்ன அறிகுறி, எது தணிக்கும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கேள்வி கேட்கும் ஆசிரியர் இருந்தால், கட்டடம் பழசானாலும் அங்கேயே சேருங்கள்.