அப்பாவும் மகனும் செய்த கிதார்

கேள்வி: குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே தனியாக ஆல்பம் போட்டிருக்கிறாராமே? குயின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது பிடிக்குமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பிடிக்கும். 'பேக் டு தி லைட்' 1992 செப்டம்பரில் வந்தது. 1983-ல் நண்பர்களோடு சேர்ந்து மூன்றே பாட்டுகளில் ஒரு சின்ன ரெக்கார்டு போட்டிருந்தார். முழு ஆல்பம் என்றால் இதுதான் முதல். இது உருவான வருஷங்களில் அவருடைய அப்பா காலமானார், முதல் திருமணம் முறிந்தது, 1991 நவம்பரில் ஃப்ரெடியும் போய்ச் சேர்ந்தார்.

கல்லூரி விடுதியில் நண்பன் பதிவுசெய்து கொடுத்த கேசட்டில்தான் முதலில் கேட்டேன். 'டூ மச் லவ் வில் கில் யூ' வரும் இடத்தில் நாடா தேயும் அளவுக்குத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறேன். அதே பாட்டை ஃப்ரெடியும் பாடியிருக்கிறார். அது 1995-ல் குயின் ஆல்பத்தில் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஃப்ரெடியின் குரல் அரங்கத்தையே நிறைக்கும். மேயின் குரல் மெல்லியது, மேலே போகும்போது லேசாக நடுங்கும். ஆனால் பட்டவனே எதிரில் உட்கார்ந்து சொல்வதுபோல் இருக்கும். 1992 ஏப்ரல் 20-ல் லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடந்த ஃப்ரெடி நினைவுக் கச்சேரியில், கிதாரைக் கீழே வைத்துவிட்டு கீபோர்டு முன்னால் உட்கார்ந்து அவர் பாடியதும் இதைத்தான். எனக்கு மேயின் குரல்தான்.

கேள்வி: பிரையன் மேயின் கிதார் வீட்டிலேயே செய்ததாமே?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: ஆமாம். 1963-ல், பதினாறு வயதில், அப்பாவோடு சேர்ந்து செய்ய ஆரம்பித்தார். கழுத்துப் பகுதி, ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். உள்ளே பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். விரல் வைக்கும் இடத்தைக் காட்ட கழுத்தில் பதிக்கும் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். மீட்டுவதற்கு பிளாஸ்டிக் பிக் வைத்துக்கொள்வதில்லை, பழைய பிரிட்டிஷ் ஆறு பென்னி காசுதான். அதன் விளிம்பில் இருக்கும் வரிவரியான வெட்டு கம்பியில் உரசும்போது ஒரு சின்னக் கரகரப்பு வரும்.

அதைக் கேட்க வேண்டுமென்றால் இதே ஆல்பத்தில் 'லாஸ்ட் ஹொரைசன்' இருக்கிறது. வரிகளே கிடையாது, கிதார்தான் பாடும். ராத்திரி வீடு அடங்கின பிறகு ஹெட்போனில் போடுங்கள். அப்பா போன பிறகு வந்த ஆல்பம் இது. அதில் ஒலிப்பது அவரோடு உட்கார்ந்து செய்த அதே கிதார்.